தையலே தெரியாத விரல்

எதிர் வீட்டுக்காரருக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி நடந்தது என்று நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. முதல் மாடி அம்மாவிடம் அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன், அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு, ஆறடி தள்ளி நின்று. அது தரைத்தளத்துக்கு இறங்கும்போது மூக்கைச் சேர்த்துக்கொண்டது. வாட்ச்மேன் அறையைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வந்தபோது தாடையும் சேர்ந்திருந்தது. "இந்த வயசுல எதுக்குங்க அவருக்கு இந்த ஆசை?" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த நாட்கள். மூக்கு மாறியிருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடவும் வழியில்லை. மனுஷருக்கு வெட்டுப்பட்டது விரலில்.

அவர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவார். சூடு காட்டிய சின்னக் கத்தியின் முதுகில் வலது கை ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துவார். அந்த அழுத்தம் ஒரு இம்மி கூடினால் பல் சாய்ந்துவிடுமாம். நாம் பேசினால் நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். எனக்கு மேல்வரிசையில் ஒரு பல் தேய்ந்திருப்பதை என் வீட்டுக்காரருக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான். எல்லோரும் மாஸ்க் போட ஆரம்பித்ததும் பாவம், பேச்சுத்துணை இல்லாதவர் போல ஆகிவிட்டார்.

தொற்று வந்ததும் முதலில் மூடியது பல் ஆஸ்பத்திரிகளைத்தான். வாயைத் திறக்காமல் பல்லைப் பார்க்க முடியாதே. அச்சு வருவது நின்றது. வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? வீட்டிலிருந்த கதவுக் கீல்களை எல்லாம் இறுக்கினார். அது தீர்ந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குளியலறைக் குழாய் அதுவரை ஒழுகியதே இல்லை. அவர் சரிசெய்த பிறகுதான் ஆரம்பித்தது.

அவர் மனைவி கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்திவைத்து அதைப் பார்த்துப் பாடம் நடத்துவார். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அந்த வீட்டில் மின்விசிறிகூட அனுமதி கேட்டுத்தான் சுற்றும்.

அன்றைக்கு இரண்டு கண்ணாடி டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டன. அவ்வளவுதான் விஷயம். டீச்சர் பாடத்துக்கு நடுவில் சத்தத்தை அணைத்துவிட்டுச் சொன்னாராம். "என்னங்க, வெளி டம்ளரை வெந்நீர்ல வைங்க, உள் டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்துங்க. தானா கழண்டுக்கும்."

"நீ கணக்கைப் பாரு. முப்பது வருஷமா இந்தக் கையாலதான் சோறு. எனக்கா டம்ளர் கழட்டத் தெரியாது?"

முறுக்கினார். சத்தம் எனக்கே கேட்டது. நான் போய் நின்றபோது சமையலறைத் தொட்டியில் கண்ணாடித் துண்டும் ரத்தமுமாக இருந்தது. டீச்சர் மாணவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனைக் கவிழ்த்துவிட்டு, ஒரு துவாலையால் அவர் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். காயம் பெரிதாகத் தெரியவில்லை. விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

"விரலை மடக்குங்க பார்ப்போம்," என்றார் டீச்சர்.

மூன்று விரல்கள் மடங்கின, கட்டைவிரலும் மடங்கியது. ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டியபடியே நின்றது, வாசலில் நின்ற என்னைச் சுட்டிக்கொண்டு. எதற்கு என்னை? நான் டம்ளரைத் தொடவே இல்லை.

"வலிக்குதாண்ணே?"

"வலி இல்லம்மா. சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது," என்றார். அப்போதுதான் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அந்த விரல் போனால் வேலை போச்சு. அதை யாரும் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் நாலையும் இறக்கிவிட்டு, யாரும் யாரோடும் பேசாமல். ஆஸ்பத்திரி வாசலில் கயிறு கட்டி இரண்டு வரிசை. காய்ச்சல் இருப்பவர்கள் ஒருபக்கம், மற்றவர்கள் ஒருபக்கம். முதல் வரிசை தெருமுனை வரைக்கும், இரண்டாவது வரிசையில் இவர் ஒருவர். அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். டீச்சர் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார், என் வீட்டுக்காரர் காரிலேயே இருந்தார். ஆகவே உள்ளே நடந்தது எனக்கு அவர் வாயால் தெரிந்ததுதான். ஏழெட்டு தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னார், அதனால் உண்மையாகத்தான் இருக்கவேண்டும்.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒரு பெண். இரண்டு மாஸ்க், அதற்குமேல் கண்ணாடித் தடுப்பு. கண்ணும் குரலும்தான் தெரிந்ததாம். அறையும் ஆபரேஷன் அறை இல்லை. முன்பு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் அடுக்கிவைத்திருந்த அறையைக் கழுவித் துடைத்து, ஜன்னலை அகலத் திறந்துவைத்து, ஒரு மேசையும் விளக்கும் போட்டிருந்தார்கள்.

"டாக்டரம்மா, எனக்கு முகத்துல ஒண்ணும் இல்ல. விரல்தான். தப்பான ஆள்கிட்ட அனுப்பிட்டாங்களோ?" என்று கேட்டிருக்கிறார்.

"சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. வெட்டுப்பட்ட கை, வெந்துபோன தோல், கிழிஞ்ச முகம் எல்லாம் எங்க வேலைதான். மூக்கை அழகாக்கிக்க வர்றவங்க யாரும் இப்ப வர்றதில்ல. பதிலா வீட்டுல சும்மா இருந்து கையை வெட்டிக்கறவங்க வர்றாங்க. காலையிலேர்ந்து நீங்க நாலாவது. ஒருத்தர் கதவு அறுத்தார், ஒருத்தர் மிக்ஸி கழுவினார். நீங்க?"

"டம்ளர்."

"டம்ளர்," என்று எழுதிக்கொண்டாராம். "உள்ள விரலை மடக்குற தசைநாண் அறுந்திருக்கு. நரம்பு இல்ல. கயிறு மாதிரின்னு வச்சுக்குங்க. ரெண்டு நுனியையும் பிடிச்சுத் தைக்கணும். முன்னாடின்னா முழுசா மயக்கம் குடுத்து, ரெண்டு நாள் படுக்கவச்சுதான் அனுப்புவேன். இப்ப தியேட்டரும் மயக்க டாக்டரும் காய்ச்சல்காரங்களுக்குப் போயாச்சு. கையை மட்டும் மரத்துப்போக வச்சுட்டுப் பண்றேன். நீங்க முழிச்சுட்டே இருக்கணும். பயமா இருக்கா?"

"பயம் இல்ல. பார்க்கலாமா?"

"பாருங்க. குறை மட்டும் சொல்லாதீங்க."

சொல்லாமல் இருப்பாரா? பாதியில், "நூல் கொஞ்சம் தடிமனா இல்ல?" என்று கேட்டிருக்கிறார்.

ஊசி நின்றதாம். "சார் என்ன வேலை பார்க்கறீங்க?"

"பல்செட்."

"அதானே பார்த்தேன்."

தைத்து முடித்ததும், "இப்ப மெதுவா மடக்குங்க," என்றாராம் டாக்டர். மடக்கினார். வெள்ளையாக ஒரு நாடா சறுக்கிக்கொண்டு உள்ளே போவதை அவரே பார்த்தார். பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி மடக்கினார், மறுபடி அங்கேயே நின்றது. தையல் போட்ட இடம் புடைத்துக்கொண்டு, அது நுழையவேண்டிய குழாயில் இடித்தது. டாக்டர் பிரித்தார். நூலை மாற்றி, இன்னும் சிறிய தையலாகப் போட்டார். "இப்ப?" இந்த முறை முழுக்கச் சறுக்கிப் போனது.

"பார்த்தீங்களா? நீங்க தூங்கியிருந்தா இது எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாராம் டாக்டர். நூல் தடிமன் என்று தான்தான் முதலில் சொன்னதாக இவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் முழங்கைக்குக் கீழேவரை ஒரு பிளாஸ்டிக் பட்டை. தோலில் போட்டது தானாகக் கரையும் நூல், பிரிக்க வரவேண்டாம். ஆறு வாரத்துக்குக் கையால் எதையும் பிடிக்கக்கூடாது, தூக்கக்கூடாது. டாக்டர் டீச்சரிடம் மரத்தடிக்கே வந்து சொல்லியிருக்கிறார். "இங்க அடிக்கடி வந்தீங்கன்னா விரலோட வேற எதையாவது சேர்த்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டைப் பிரிச்சு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. சீழ் பிடிக்காம பார்த்துக்கணும், அதுதான் முக்கியம். சீழ் பிடிச்சா நான் கட்டின கயிறு அவிழ்ந்துடும். மறுபடி கட்டறது ரொம்பக் கஷ்டம்."

இங்கேதான் நான் வருகிறேன். அவர் போன் பொத்தான் வைத்த பழைய போன். டீச்சர் போனில் முன்பக்கக் கேமரா பாடம் நடத்த நன்றாக இருந்தது, பின்பக்கக் கேமரா கீழே விழுந்து கீறல்பட்டு, எதை எடுத்தாலும் புகைமூட்டமாகக் காட்டியது. என் போன் புதுசு. உதவி செய்யும் வாய்ப்புக்காக நான் அலையவில்லை. அவர்கள் இதைப் பேசிக்கொண்டபோது கதவு திறந்திருந்தது, நான் வாசலில் நின்றிருந்தேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஒன்பதே முக்காலுக்கு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் நடைபாதை ஜன்னல் வெளிச்சத்தில் டீச்சர் கட்டைப் பிரிப்பார். அவர் கையை நீட்டுவார். நான் எடுத்து டாக்டருக்கு அனுப்புவேன். சொல்லக்கூடாது, எனக்குப் படம் நன்றாக வரும். டாக்டரிடமிருந்து பதில் வரும்: "அருமை. நன்றாக ஆறுகிறது." நான் அதைச் சத்தமாக வாசிப்பேன். மூவரும் சந்தோஷமாகக் கலைவோம். நானும் ஒவ்வொரு முறையும் ஒரு தகவலோடு மாடிப்படி இறங்குவேன். மூக்கு, தாடைக் கதையை மெல்ல மெல்ல விரலுக்கு இறக்கிக்கொண்டு வந்தேன்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது டீச்சர் புருவம் சுருங்கியது. "சிவப்பா இல்ல? அந்த ஓரத்துல வீங்கியிருக்கிற மாதிரி இருக்கே."

"ராத்திரி கொஞ்சம் விண்ணுவிண்ணுன்னு தெறிச்சுது," என்றார் அவர் சாதாரணமாக.

"ஏன் சொல்லலை?"

"எதுக்கு? முந்தாநேத்துதான் டாக்டரே நல்லா ஆறுதுன்னு எழுதியிருக்காங்க. நீ மார்க் போட்ட தாளை மறுபடி திருத்துவியா? விடு."

நானும் பார்த்தேன். விரல் சிவப்பாகத்தான் தெரிந்தது. படம் எடுத்துப் போனைப் பார்த்தேன், அதில் விரல் ரோஜா இதழ் மாதிரி இருந்தது. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கண்ணாடி மாற்றிப் பல வருஷம் ஆகிறது. "இல்லண்ணே, நல்லாதான் இருக்கு. இந்தப் பாருங்க," என்று போனைக் காட்டினேன். மூன்று பேரும் குனிந்து, விரல் பக்கத்திலேயே இருக்க, விரலின் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

அனுப்பி ஐந்து நிமிஷம் இருக்கும். எப்போதும் போல எழுத்தில் பதில் வரவில்லை. என் போன் அடித்தது. டாக்டர்.

"நீங்கதான் போட்டோ எடுக்கறீங்களா?"

"ஆமாங்க டாக்டர். எதிர் வீடு." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அவருக்கு என்ன வயசு?"

"அம்பத்தாறு, ஏழு இருக்கும்."

"அம்பத்தாறு வயசுக்காரருக்கு விரல் மடிப்புல ஒரு கோடுகூட இல்ல. இன்னைக்குத்தான் எல்லாப் படத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தேன். ரேகை இல்ல, முடி இல்ல. நான் போட்ட தையலே தெரியலை. நான் நல்லாத் தைப்பேம்மா. ஆனா இவ்வளவு நல்லாத் தைக்க மாட்டேன். உங்க போன்ல முகத்தை அழகாக் காட்டுற ஏதாவது போட்டு வச்சிருக்கீங்களா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. போன் வாங்கிய அன்று என் தங்கை மகள் அதைக் கையில் வாங்கி ஏதோ இரண்டு தட்டு தட்டி, "பெரியம்மா, இனிமே நீங்க சூப்பரா இருப்பீங்க," என்று கொடுத்தாள். இருந்தேன். கரும்புள்ளி போனது, கண்ணுக்குக் கீழே இருந்த பை போனது. அந்த வருஷம் மாற்றிய சோப்பின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு நாலு பேருக்கு அந்தச் சோப்பைச் சிபாரிசும் செய்திருந்தேன்.

"டாக்டர்..." என்றேன்.

"சரி. திட்டறதுக்கு எனக்கு நேரமில்ல. வேற போன்ல வீடியோவுல வாங்க. இப்பவே."

டீச்சர் வகுப்பு தொடங்க இரண்டு நிமிஷம் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, "இன்று வகுப்பு இல்லை" என்று எழுதிப் போட்டார். தன் போனின் முன்பக்கக் கேமராவுக்கு முன்னால் கணவரின் கையைப் பிடித்துக் காட்டினார். நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் திரையில் டாக்டரின் கண்களைப் பார்த்தோம்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்ல. கிளம்பி வாங்க."

என் வீட்டுக்காரர் சாவியை எடுத்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது நிமிஷம் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

நான் அன்றைக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை. முதல் மாடி அம்மா தானாகவே மேலே வந்து, "என்ன சத்தத்தையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தெர்மாமீட்டரோடு அவர் மகன் வந்து நின்றான். அனுப்பிவைத்தேன். எதிர்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல் நீண்டபடியே நின்றுவிட்டால் காலத்துக்கும் அது என்னைத்தானே காட்டும்.

மூன்று மணிக்கு வந்தார்கள். டீச்சர்தான் முதலில் படியேறினார். என்னைப் பார்த்ததும், "பிழைச்சுது," என்றார்.

சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது, ஆனால் தோலுக்கடியோடு நின்றிருந்தது. இரண்டு தையலைப் பிரித்து, கழுவி, மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். மடக்கச் சொல்லிப் பார்த்தாராம். கயிறு அப்படியே இருந்தது. இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் தெரியாது என்று சொன்னாராம்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பல்செட்காரர் இடது கையை உயர்த்தி நிறுத்தினார். "உன்னைச் சொல்லிக் குத்தமில்லம்மா. என் விரல் எனக்கு வலிச்சுது. நான்தான் உன் போனை நம்பினேன்."

"என் கண்ணுக்குச் சிவப்பு தெரிஞ்சுது. நான் இவரை நம்பினேன்," என்றார் டீச்சர். "வரிசையா மூணு முட்டாள். இதைக் கணக்குல போட்டாக்கூட விடை வராது."

அதற்கப்புறம் படமே கிடையாது. வீடியோதான். தையல் போட்ட நாலாவது வாரத்திலிருந்து, கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி வீடியோவில் வந்தாள். மணிக்குப் பத்துத் தடவை, பட்டைக்குள்ளேயே, இடது கையால் மடக்கி மெல்ல விடவேண்டும். டீச்சர் பாடம் நடத்திக்கொண்டே ஓரக்கண்ணால் எண்ணுவார். ஒருநாள் இவர் எட்டோடு நிறுத்தியபோது, போனுக்குள்ளிருந்து மாணவர் கூட்டம் "இன்னும் ரெண்டு சார்!" என்று கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. ஆறாவது வாரம் பட்டை கழன்றது. எட்டாவது வாரம் தேநீர்க் கோப்பையைப் பிடித்தார், தரைத்தளம்வரை செய்தி போனது. அந்த விரல் இப்போது எல்லோருடைய விரலும் ஆகியிருந்தது. என்ன, முழுக்க மடங்கவில்லை. நுனி உள்ளங்கையைத் தொடாமல் ஒரு கொட்டைப்பாக்கு அளவு தள்ளி நின்றது. அது அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவு போதுமா, போதாதா என்று டாக்டருக்கும் தெரியாது. மெழுகுக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாவது வாரம் பல் ஆஸ்பத்திரிகள் பாதி திறந்தன. முதல் அச்சு வந்தது. மேல்வரிசை முழுக்க, ஒரு அம்மாவுக்கு. பின்னறைக் கதவு மூடியது. இரண்டு நாள் திறக்கவில்லை. டீச்சரிடம் கேட்டால், "எனக்கே அனுமதி இல்ல," என்றார்.

மூன்றாம் நாள் காலை கதவு திறந்திருந்தது. நான் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தேன். மேசையில் மெழுகு ஈறில் பல்வரிசை உட்கார்ந்திருந்தது. பளிச்சென்று, வரிசையாக. முன்பல் ஒன்றைத் தவிர. அது பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறிக்கொண்டு, கோணலாக நின்றது. அவர் தலையைக் குனிந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் கதவோரம் நின்று அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணே, ரொம்ப நாள் கழிச்சுத் தொடற வேலை. முதல் தடவை அப்படி இப்படித்தான் இருக்கும். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"எதை?"

"அந்தப் பல்லு... கொஞ்சம் சாய்ஞ்சு..."

நிமிர்ந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினார். பல் டாக்டர் அச்சோடு சேர்த்து அனுப்பியதாம். அதில் முப்பது வயதில் அந்த அம்மா, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறியிருந்தது.

"நேரா வச்சா அது வேற யாரோ சிரிக்கிற மாதிரி இருக்குன்னு போன தடவை செஞ்சதைத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம்," என்றார். "நேரா நிறுத்தறது யார் வேணும்னாலும் செய்வாங்க. இதே கோணல்ல, இவ்வளவுதான், இதுக்குமேல ஒரு இம்மி கூடாதுன்னு நிறுத்தணும். நாலு தடவை கலைச்சேன். அஞ்சாவது தடவை விரல் கேட்டுது."

டீச்சர் படத்தை வாங்கினார். பல்வரிசையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கணக்குத் தாளைத் திருத்துகிற அதே முகத்தோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"சரியாதான் இருக்கு," என்றார்.

அந்த வீட்டில் அதைவிடப் பெரிய மார்க் கிடையாது. அவர் எழுந்து, பல்வரிசையை வாங்கிப் பெட்டிக்குள் பஞ்சின்மேல் வைத்து மூடினார். அடுத்த அச்சை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, "வெளிச்சத்தை மறைக்காதம்மா," என்றார் என்னிடம்.